நாலாம் மாடிப் பம்ப் சத்தம்

எங்கள் ‘சி’ பிளாக்கில் யார் எப்போது கழிவறைக்குப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதில்லை. நான் குடியிருப்பது கீழ் வீடு. மேலே நாலு மாடியிலிருந்தும் இறங்கிவரும் கழிவுக் குழாய் என் சமையலறைச் சுவரை ஒட்டித்தான் போகிறது. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியை மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் நாங்கள் பம்ப் என்றுதான் சொல்வோம். யார் வீட்டுப் பம்பை அமுக்கினாலும் அது என் சாப்பாட்டு மேசையில் கேட்கும்.

முதல் மாடி என்றால் திடீரென்று குபுகுபுவென விழும். நாலாம் மாடி என்றால் முதலில் எங்கோ உயரத்தில் ஓர் உறுமல், பிறகு படிப்படியாக இறங்கி என் முதுகுக்குப் பின்னால் வந்து அடங்கும். இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறேன். இன்னும் பழகவில்லை. சாப்பிடும்போது கேட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போய்விடுவேன்.

“மனுசன் சாப்புடறதும் அங்க போறதும் நடந்துகிட்டேதான் இருக்கும். இதுக்குப் போயி எந்திரிச்சு ஓடுறீங்க” என்பாள் என் மனைவி லூர்து மேரி. அவளுக்கு எதிலும் அருவருப்பு கிடையாது. எனக்கு உண்டு. பள்ளிக்கூட வேன் ஓட்டியவனுக்குப் பிள்ளைகள் வாந்தி எடுத்ததைக் கழுவியே பாதி ஆயுள் போய்விட்டது. மீதி ஆயுளிலாவது நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைத்தது ஒரு குற்றமா, தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. நாலாம் மாடி இராசாத்தியைப் பற்றி.

இராசாத்திக்கு ஐம்பத்தாறு வயது. பீடோங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்தவள். பதினெட்டு வயதில் தோட்டத்து வாசலில் நின்ற ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினாள். அப்புறம் முப்பத்தேழு வருடம், ஒரே தொழிற்சாலை, ஒரே வேலை. பட்டாணி அளவுள்ள மின் பாகங்களைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் இந்தத் தட்டு, பழுது என்றால் அந்தத் தட்டு. அந்தப் பார்வை வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியைக் குடிப்பதற்கு முன் கோப்பையின் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். மேரிக்கு முதலில் கோபம் வரும். பிறகு அவளும் பார்க்க ஆரம்பித்தாள்.

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி யாராவது பெருமூச்சு விட்டால் இராசாத்திக்குப் பிடிக்காது. அவள் இருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசையில், இருபத்துநாலு வீடுகள். அத்தனைக்கும் சேர்த்து, கித்தா மரங்களுக்கு நடுவே, ஆறு கதவு வைத்த கக்கூஸ். பால் டின்னில் தண்ணீர் மொண்டுகொண்டு, பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆண்கள் எப்போது வேண்டுமானாலும் போனார்கள். பெண்கள் இருட்டில் போக முடியாது.

“எங்கம்மா மத்தியானத்துக்கு மேல பச்சத் தண்ணி குடிக்காது அண்ணே. சாயங்காலம் சோறு அர வயித்துக்குத்தான். கேட்டா பசிக்கலன்னு சொல்லும். பசியெல்லாம் இருந்துச்சு. பொழுது சாஞ்சப்புறம் போவ முடியாதுன்னு வயித்தக் கட்டும். லயத்துல எல்லா பொம்பளைங்களும் அப்பிடித்தான்” என்று ஒருமுறை மேரியிடமும் என்னிடமும் சொன்னாள்.

அதனால்தான் இந்த அடுக்குமாடி வீட்டைப் பார்க்க வந்த அன்று, மற்றவர்கள் அறைகளை அளந்துகொண்டிருந்தபோது, இவள் நேராகக் கழிவறைக்குப் போய்ப் பம்பை மூன்று தரம் அமுக்கிப் பார்த்தாள். நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அறுபத்துநாலு படி. ஆனால் வீட்டுக்குள்ளேயே கதவு போட்ட கழிவறை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் கணவர் அய்யாவு செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். ஆள் வாட்டசாட்டம். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் இரண்டு கை அதிகம் இறங்கும், அப்படி ஒரு சாப்பாட்டுப் பிரியர். சென்ற வருடம் ஜனவரி கடைசியில் அவருக்குக் குடலில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியோடு குடலிலும் ஒரு பகுதி போயிற்று. பிழைத்து வந்தார். ஆனால் அதன் பிறகு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் போயாக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, சில நாள் பன்னிரண்டு.

அவர் வீடு திரும்பிய பிப்ரவரியில் மழை நின்றது. மார்ச்சில் குழாயும் ஏறக்குறைய நின்றது. எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் வரும் விதம் இதுதான்: கீழே ஒரு தொட்டி, மொட்டைமாடியில் ஒரு டேங்கி. கீழ்த் தொட்டியில் சேர்வதை மோட்டார் விடியற்காலையில் மேலே ஏற்றும். அங்கிருந்து இருபது வீட்டுக்கும் இறங்கும். டேங்கிக்கு நேர் கீழே இருப்பது நாலாம் மாடிதான், ஆனால் தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்பதும் அங்கேதான். மிச்சம் மீதியெல்லாம் கீழே இருக்கும் நாங்கள் இழுத்துவிடுவோம். அந்த மாதம் காலை பத்து மணிக்கெல்லாம் நாலாம் மாடிக் குழாய் காற்றை ஊதியது.

மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் லோரி வரும். இராசாத்தி வரிசையில் நின்று, கைக்கொரு வாளியாகத் தூக்கிக்கொண்டு அறுபத்துநாலு படி ஏறுவாள். அறைக்குள் படுத்திருக்கும் அய்யாவு அவளுடைய மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வாளி, ஒரு தடவைக்கு. அவர் பன்னிரண்டு தடவை போகிற ஆள்.

“வயிறு ரொம்பிருச்சு” என்று அவர் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் சோற்றைப் பாதியில் வைத்தார். பிறகு இரண்டு கவளம். பிறகு காலையில் ஒரு பிஸ்கட், மாலையில் அரை கிண்ணம் கஞ்சி. மெர்கோங்கில் இருக்கும் மகள் காஞ்சனா வந்து அழைத்துக்கொண்டு போனாள். அங்கே தண்ணீர் இருந்தது. ஆனால் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒரே கழிவறை. மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கதவுக்கு வெளியே காத்து நிற்பதை அய்யாவுவால் தாங்க முடியவில்லை. நாலே நாளில் திரும்பி வந்துவிட்டார்.

மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டில் இருந்தவர் ஐம்பதுக்கு வந்திருந்தார். ஏப்ரல் நடுவில் புற்றுநோய்க்கான அடுத்த மருந்து ஏற்ற வேண்டும். நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் ஏற்ற முடியாது, தள்ளிப்போட வேண்டிவரும், தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று அந்த டாக்டர் பிள்ளை பொறுமையாகச் சொன்னாராம். மருந்தால் பசி போயிருக்கும் என்று பசிக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

பசி போகவில்லை என்பது இராசாத்திக்குத் தெரியும். அவள் சமையலறையில் கருவாடு வறுத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எச்சில் விழுங்கியதைப் பார்த்திருக்கிறாள். அவள் அம்மா முகத்தில் பார்த்த அதே முகம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருசன் கழிவறைக்குப் பயந்து பட்டினி கிடக்கிறார் என்று எப்படிச் சொல்வது. எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

என்னிடம் அவள் வந்தது வேறு பேச்சோடு. நான் பிளாக் சங்கத்தின் செயலாளர். யாரும் ஏற்காததால் என் தலையில் விழுந்த பதவி.

“அண்ணே, ஒங்க வூட்டு பம்ப ஒரு தடவ அமுக்குனா எத்தன லிட்டர் போவுது தெரியுமா?”

“அத எவன் அளப்பான்?”

“நான் அளந்தேன். பதினோரு லிட்டர். பைப்ப மூடிட்டு, பம்ப அமுக்கிட்டு, பாட்டில்ல மொண்டு மொண்டு ஊத்திப் பாத்தேன். நம்ம பிளாக்ல எம்பது பேரு. ஆளுக்கு நாலு தடவன்னு வச்சாலும் மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர். மேல ஏறறதே ஐயாயிரம்தான். குளிக்கறது, துவைக்கறது, ஆக்கறது எல்லாம் மிச்சத்துலதான் நடக்குது.”

நான் குளியலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடிப் பையன்கள் அரை மணி நேரம் குளிக்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் கத்தியிருக்கிறேன்.

அவள் யோசனை எளிமையானது. பம்புக்குள் இரண்டு செங்கல்லை வைத்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் நிரம்பாது. ஒரு தடவைக்கு மூன்று லிட்டர் மிச்சம். ஒன்றுக்குப் போனால் பம்பைத் தொடவே வேண்டாம், துணி அலசிய தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றினால் போதும். மொத்தத்தில் மேலே மதியம்வரைக்குமாவது தண்ணீர் இருக்கும்.

“செங்கல்லுக்கு எங்க போறது?” என்றேன்.

“கோயிலுக்குப் பின்னாடி கெடக்குது அண்ணே. குப்ப லோரிக்காரனக் கேட்டேன். எல்லாம் கொட்டப் போறதுதான், வேணும்னா எடுத்துக்கங்கன்னான்.”

என் பழைய வேனில்தான் போனோம். தாமான் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பின் அம்மன் கோயிலில் ஜனவரி கடைசியில்தான் கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. பின்பக்கம் உடைந்த ஓடு, காய்ந்த வாழைத்தண்டு, தேங்காய் மட்டை எல்லாம் குவிந்திருந்தன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தகரத்துக்கு அடியில், செங்கற்கள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கம் கரி பிடித்து, மறு பக்கம் மண் பூசிக் காய்ந்திருந்தது. பழைய அடுப்புக் கல் என்று நான் நினைத்தேன். நான் மாதாகோயிலுக்குப் போகிறவன், எனக்கு என்ன தெரியும். இராசாத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கும்பாபிஷேகம் நடந்த வாரம் முழுக்க அவள் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மண்ணைத் தட்டிவிட்டு நாற்பது கல்லை எண்ணி எடுத்தோம்.

வீடு வீடாகப் போனோம். சிலர் சிரித்தார்கள். ஒருவர், பம்பு கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். முதல் மாடி உமாராணிதான் எல்லோருக்கும் முன்னால் கதவைத் திறந்துவிட்டார். உமாராணி அறுபதைத் தாண்டியவர், கோயில் மாதர் குழுத் தலைவி, குரலைக் கேட்டாலே பிளாக் அடங்கும். “நல்ல வேலதான் செய்யற ராசாத்தி. வையி, வையி” என்று தானே மூடியைத் தூக்கிப் பிடித்தார். அதற்கப்புறம் மற்றவர்கள் மறுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. நாலாம் மாடியில் மாலை நாலு மணிவரைக்கும் தண்ணீர் இருந்தது. அய்யாவு முதல் நாள் ஒரு தோசை சாப்பிட்டார், நாலாவது நாள் இரண்டு. இராசாத்தி மேரியிடம் வந்து இன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்ல எதற்கு நாலு மாடி இறங்கி வந்தாள் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே டேங்கி காலியாகிவிட்டது. முன்பு பத்து மணிவரையாவது இருந்தது. இப்போது இருபது வீட்டிலும் இல்லை.

குழாய் உடைந்திருக்கும், மோட்டார் போய்விட்டது, யாரோ திருடுகிறார்கள் என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது இராசாத்தி தன் வீட்டு ரோஸ் சிரப் பாட்டிலை எடுத்தாள். முதல் நாள் பிடித்து வைத்த வாளியிலிருந்து தண்ணீரைப் பம்புக்குள் ஊற்றி, அதில் சிரப்பைக் கலந்து, அமுக்காமல் பத்து நிமிடம் காத்திருந்தாள். கீழே கழிவறைப் பீங்கானில் இளஞ்சிவப்பாகக் கோடு இறங்கியது. யாரும் அமுக்காமலேயே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மறுநாள் காலை மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறியதும் சிரப் பாட்டிலோடு ஒவ்வொரு வீடாக இறங்கினாள். இருபதில் பதினாலு வீட்டில் சிவப்புக் கோடு. எங்கள் வீட்டுப் பம்பின் மூடியை நான் தூக்கியபோது உள்ளே அடியில் செம்மண் சேறு தேங்கியிருந்தது. கல் பாதி கரைந்திருந்தது. அந்த மண் துகள், பம்பின் அடிவாயை மூடும் ரப்பருக்கு அடியில் புகுந்துகொண்டு, அதை முழுவதும் மூடவிடாமல் செய்திருந்தது. நாள் முழுக்க, இரவு முழுக்க, சத்தமே இல்லாமல் ஒழுகியிருக்கிறது. என் சமையலறைச் சுவருக்குக்கூடக் கேட்கவில்லை.

இராசாத்தி அந்தச் சேற்றில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். முப்பத்தேழு வருடம் பழுதைக் கண்டுபிடித்துத் தள்ளியவள். தண்ணீரை அளந்தாள், ஆளை எண்ணினாள், கல்லை மட்டும் சோதிக்கவில்லை. “நானே பாக்காம வுட்டுட்டேன் அண்ணே” என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டாவது இடி விழுந்தது. உமாராணியின் மகள் புது வீடு கட்ட அஸ்திவாரம் போடவிருந்தாள். கும்பாபிஷேக யாகசாலையில் ஓமகுண்டம் கட்டிய செங்கல்லை வீட்டு அஸ்திவாரத்தில் வைத்தால் நல்லது என்று எங்கள் பக்கத்தில் பலர் வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று கோயிலில் எடுத்து அடுக்கி, மழை படாமல் தகரம் போட்டு வைத்திருந்தார்கள். உமாராணி போய்ப் பார்த்தால் தகரம்தான் இருந்தது. விசாரித்தார். சி பிளாக் அக்காவும் ஒரு வேன்காரரும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று தெரிந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் பிளாக்கே கூடியது. உமாராணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

“அக்கினி வளத்த கல்லுலா அது. அம்பாளுக்கு நெய் ஊத்துன கல்லு. ஏழு வாரமா எம்மக வீட்டுக்கு ஒன்னு எடுக்கணும்னு காத்துகிட்டிருந்தேன். அதுல ரெண்டு எங்க வூட்டு ஜாம்பான் பம்புக்குள்ளயே கெடக்குது. நானே மூடியத் தூக்கிப் புடிச்சுருக்கேன்.”

யாரோ பின்னால் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். எனக்கும் வந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

“தப்பு என்னுதுதான்க்கா” என்றாள் இராசாத்தி. “கும்பாபிசேகத்தப்ப நான் ஆஸ்பத்திரில இருந்தேன். தெரியல.”

“தெரியலன்னா கேக்கறதுலா. கோயில் கல்ல எடுக்கறதுக்குக் குப்ப லோரிக்காரனையா கேப்ப?”

“கேட்டிருக்கணும்க்கா. அவசரத்துல கேக்கல.”

நானும்தான் ஏற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். உமாராணி என் பக்கம் திரும்பவே இல்லை. மாதாகோயில்காரனை வைத்து என்ன செய்வது என்று விட்டுவிட்டார் போலும்.

அடுத்த நாள் முழுக்க இராசாத்தி வீடு வீடாகப் போய்ப் பம்பைத் திறந்து, கல்லை எடுத்து, சேற்றை வழித்து, ரப்பரைத் துடைத்துப் பூட்டிக் கொடுத்தாள். பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தாள். சிலர் உள்ளே விட்டார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். உமாராணி மட்டும் கதவைத் திறக்கவில்லை. இரண்டு கல்லையும் தானே எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, வாசலில் வைத்திருந்தார். கற்களை எல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவி ஓடுகிற ஆற்றில் விட்டுவிடச் சொல்லிவிட்டார் கோயில் குருக்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை, நல்ல மனிதர்.

அன்று இராசாத்தி வீட்டில் அய்யாவு கஞ்சியைத் தொடவில்லை. எடை நாற்பத்தொன்பது. மருந்து ஏற்ற இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த நாள் மெர்போக் ஆற்றுக்கு என் வேனில் கிளம்பினோம். கடைசி நிமிடத்தில் உமாராணியும் வந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். “ஒழுங்கா வுடறீங்களான்னு பாக்கணும்” என்றார். இராசாத்தி பின்னால் கற்களோடு உட்கார்ந்திருந்தாள்.

படகுத் துறையில் அவள் ஒவ்வொரு கல்லாக இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து தண்ணீருக்குள் விட்டாள். நாற்பதும் முடிய வெகு நேரமாயிற்று. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். முப்பதைத் தாண்டும்போது அவள் கல்லைக் கீழே வைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்தேன். உமாராணியும் பார்த்திருக்க வேண்டும்.

“ஏன் ராசாத்தி” என்றார். குரல் சற்றே இறங்கியிருந்தது. “பிளாக்ல இருவது வூடு இருக்கு. எல்லாருக்கும்தான் தண்ணியில்ல. ஒனக்கு மட்டும் என்ன அப்பிடி ஒரு அவசரம்?”

இராசாத்தி கையிலிருந்த கல்லை விடாமல் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“அவரு வயித்தக் கட்டறாருக்கா. நான் வாளி தூக்கறதப் பாத்துட்டு, சாப்புட்டாத்தான போவணும்னு சாப்பாட்டயே வுட்டுட்டாரு. இன்னும் ஒரு கிலோ கொறஞ்சா மருந்து ஏத்த மாட்டாங்க. சாப்புடுங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது? சாப்புட்டா ஊத்தறதுக்குத் தண்ணி இருக்கணும்லா.”

அழவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்த பழுதைச் சொல்வது போலச் சொன்னாள். என் வீட்டுச் சமையலறையில் கொஞ்ச நாளாக நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் மாடிச் சத்தம் ஏன் நின்றது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இருபத்திரண்டு வருடம் காதில் வாங்கியும் நான் எதையும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

உமாராணி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் தோட்டத்துக்காரர்தான், கூலிம் பக்கம்.

“எங்கம்மாவும் கட்டும்” என்றார். “கருவாட்டுக் கொழம்பு வச்சா, எங்களுக்கெல்லாம் ஊத்திட்டு, சட்டிய மோந்து பாத்துட்டு வச்சுரும்.”

அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த கற்களில் ஒன்றை அவரும் எடுத்தார்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டியது உமாராணி. இரண்டு பெரிய சாக்குகள். கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய காலி ஒன்றரை லிட்டர் பாட்டில்கள். “கரையாத சாமானா வைப்போம். இதுக்குள்ள தண்ணிய ரொப்பி மூடிட்டா ஆச்சு. நீங்களும் வாங்க அண்ணே” என்றார். இந்த முறை இராசாத்தியை வர விடவில்லை. அவரே ஒவ்வொரு வீடாக ஏறினார். “கோயில்லேர்ந்து கேட்டுத்தான் எடுத்தாந்தேன்” என்று ஒவ்வொரு வாசலிலும் அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். மறுக்க யாருக்கும் துணிவில்லை. காலை பத்து மணிவரை கீழ் நாலு தளத்திலும் யாரும் பம்பை அமுக்கக் கூடாது, அலசிய தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டும் என்று சட்டமும் போட்டார். இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்து நான் ஒரு சட்டம் போட்டதில்லை.

கடைசியாக நாலாம் மாடி. அய்யாவு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. உமாராணி மூச்சு வாங்க வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“அண்ணே, கீழ நாங்க யாரும் அமுக்க மாட்டோம். தண்ணி ஒங்களுக்கு மிஞ்சும். நீங்க சாப்புடுங்க.”

அய்யாவு இராசாத்தியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன்.

“நான் கக்கூஸுக்குப் போறது பிளாக் மீட்டிங்ல பேசற சங்கதியா ஆயிருச்சா” என்றார். பிறகு வாய்க்குள்ளேயே சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. “சரி தங்கச்சி. சாப்புடறேன்” என்றார்.

மருந்து ஏற்றினார்களா என்று கேட்பீர்கள். ஏற்றினார்கள். அன்றைக்கு எடை நாற்பத்தொன்பதரை. அதை வந்து சொல்ல இராசாத்தி என் வீட்டு வாசலில் நின்றபோது, கால் வலிக்கிறது என்று சொல்லி ஐந்து நிமிடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழை மே மாதம்தான் வந்தது. பாட்டில்கள் இன்னும் எங்கள் பம்புகளுக்குள் இருக்கின்றன. இராசாத்தி இப்போது மாதம் ஒரு தடவை சிரப் பாட்டிலோடு இருபது வீட்டுக்கும் போய்வருகிறாள்.

ஆனால் எடை பார்ப்பதற்குப் பல நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உமாராணி பாட்டில் வைத்த அடுத்த நாள், மதியம், நான் சமையலறை மேசையில் சாப்பிட உட்கார்ந்தேன். மேரி மீனை வைத்துவிட்டு ரசத்தை எடுக்கப் போனாள். மேலே, எங்கோ உயரத்தில், ஓர் உறுமல் கேட்டது. நாலாவது, மூன்றாவது, இரண்டாவது என்று இறங்கி இறங்கி, என் முதுகுக்குப் பின்னால் வந்து அடங்கியது. பழக்கத்தில் கை தட்டைத் தூக்கப் போயிற்று.

பாதியில் நிறுத்தினேன். அய்யாவு சாப்பிட்டிருக்கிறார்.

மேரி ரசச் சட்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். “எந்திரிக்கலையா?” என்றாள்.

“இல்ல. ரசத்த ஊத்து” என்றேன். அரை மணி நேரத்தில் இன்னொரு தடவை கேட்டது. நான் அதற்குள் இரண்டாம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.